ஐ7 ஸ்டிக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள்

 

நீளமான பதிவுதான். இப்போது நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கக் கடைக்குப் போகும் நாளில், பஸ்ஸில் இருந்தாவது வாசியுங்கள்.

சாதாரண தரம் முடித்த பிள்ளைக்கும், உயர்தரத்தில் ஐசிடி எடுத்த பிள்ளைக்கும் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று எல்லாப் பெற்றோரும் நினைக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் எஹெலியகொடயிலிருந்து இரத்தினபுரி டவுன் வரை நமக்கு வரும் விளம்பரங்களைக் கொஞ்சம் பாருங்கள். "கோர் ஐ7, 8 ஜிபி ரெம், மாணவர்களுக்கு விசேட விலை." அவ்வளவுதான். எத்தனையாம் தலைமுறை ஐ7? எந்த வருடத்து ஐ7? எத்தனை கோர்? ஒரு சொல் இருக்காது. போன் எடுத்துக் கேட்டால், "ஐ7 சேர், ஐ5ஐ விட நல்லது, நம்பி எடுங்க" என்று பதில் வரும்.

நான் இதைத் திறந்தே சொல்கிறேன். தலைமுறை எண்ணை மறைத்து "ஐ7" என்ற சொல்லை மட்டும் காட்டி ஒரு தகப்பனிடம் காசு வாங்குவது வியாபாரத் திறமை இல்லை. அது ஏமாற்று. தெரிந்து செய்தாலும் ஏமாற்று, தெரியாமல் செய்தால் அந்தப் பொருளை விற்கத் தகுதியில்லை.

இதில் போகிற காசு எப்படிப்பட்ட காசு என்பதை முதலில் யோசியுங்கள். பாவித்த கம்ப்யூட்டர் ஒன்று எண்பதாயிரம் ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். தோட்டத்தில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாவதற்கு எத்தனை வருடம் கத்தினோம்! 2021இல்தான் அது கிடைத்தது. 2024இல் 1,350 ஆனது. அந்த 1,350 கணக்கில் எண்பதாயிரம் என்பது ஏறக்குறைய 60 நாள் பேர். சாப்பாடு இல்லாமல், சந்தா இல்லாமல், கடைக் கடன் இல்லாமல் 60 நாள். மழையில் நனைந்து, அட்டை கடித்து எடுத்த 60 நாள் கொழுந்து. அல்லது அடகுக் கடைக்குப் போன ஒரு தாயின் காப்பு. அந்தக் காசுக்கு 2011ஆம் வருடத்துச் சாமானை "ஐ7" என்று தள்ளிவிடுகிறார்கள்.

சரி, ஐ7 என்றால் என்ன?

நம் ஊர் ஆட்களுக்கு இது இலகுவாக விளங்க வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களிடம் கேளுங்கள். பிஓபி, ஓபி, பெக்கோ என்று பெட்டியில் எழுதுவது எதை? சலித்துப் பிரித்த தூளின் அளவை, அதன் வடிவத்தை. அந்தத் தேயிலை எந்தத் தோட்டத்தில், எந்த மாதத்தில் எடுத்தது, ருசி எப்படி என்பதை அந்த எழுத்து சொல்லாது. அதனால்தான் ஏலத்துக்கு முன்னால் ஊற்றி, குடித்துப் பார்க்கிறார்கள். ஐ3, ஐ5, ஐ7 என்பதும் அதே மாதிரித்தான். ஒரே வருடத்தில் வந்த ப்ரொசெசர்களுக்குள் எது கீழ்த்தட்டு, எது மேல்தட்டு என்று பிரிக்கும் பெயர். வேறு வேறு வருடத்துச் சாமானை ஒப்பிட அந்தப் பெயர் உதவாது.

உதாரணம் இரண்டு தருகிறேன்.

முதலாவது, டெஸ்க்டொப். இன்டெல் ஐ7 2600. 2011 ஜனவரியில் வந்தது. 4 கோர், 8 த்ரெட், 3.4 கிகாஹேர்ட்ஸ், 95 வோட். அடுத்தது இன்டெல் ஐ3 12100. 2022 ஜனவரியில் வந்தது. 4 கோர், 8 த்ரெட், 3.3 கிகாஹேர்ட்ஸ், 60 வோட். எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போல இருக்கும். கிகாஹேர்ட்ஸில் ஐ7தான் ஒரு புள்ளி கூட. ஆனால் வேலையில் போட்டுப் பார்த்தால் அந்த "சின்ன" ஐ3யின் ஒரு கோர் பழைய ஐ7யின் ஒரு கோரை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். காரணம், ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது பதினொரு வருடத்தில் மாறிவிட்டது. கிகாஹேர்ட்ஸ் என்பது நிமிடத்துக்கு எத்தனை தரம் கை கொழுந்துக்குப் போகிறது என்ற கணக்கு. ஒவ்வொரு தரமும் கைக்குள் எவ்வளவு கொழுந்து வருகிறது என்பது வேறு கணக்கு.

இரண்டாவது, லெப்டொப். ஐ7 7500யூ என்று ஒன்று. 2016இல் வந்தது. பெயர் ஐ7, உள்ளே இருப்பது 2 கோர்தான். அடுத்த வருடமே ஐ5 8250யூ வந்தது. பெயர் ஐ5, உள்ளே 4 கோர். இரண்டும் ஒரே விலைக்கு மேசையில் கிடந்தால் நம்மில் பத்துப் பேரில் எத்தனை பேர் ஐ7ஐத் தூக்குவோம்? அந்த ஒரு வருட வித்தியாசத்தில்தான் இன்னொரு பெரிய கதவும் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

எண்ணை வாசிக்கப் பழகுங்கள்

இன்டெல் என்றால் ஐ7 என்ற சொல்லை மறந்துவிட்டு அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். நாலு இலக்கமாக இருந்து 2 முதல் 9 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், அந்த முதல் இலக்கம்தான் தலைமுறை. 2600 என்றால் 2ஆம் தலைமுறை. 7500 என்றால் 7. 8250 என்றால் 8. எண் 1இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். 10100 என்றால் 10. 12100 என்றால் 12. லெப்டொப்பில் 1115ஜி4 என்றால் 11, 1215யூ என்றால் 12. நாலாம் வகுப்புப் பிள்ளையும் இதை வாசிக்கும்.

ஏஎம்டி ரைசனில் கொஞ்சம் கவனம் வேண்டும். லெப்டொப்பில் 7520யூ என்றும் 7530யூ என்றும் இரண்டு உண்டு. பார்த்தால் பத்து எண் வித்தியாசம். ஆனால் அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது. 2 என்றால் ஸென் 2, பழையது, 4 கோர். 3 என்றால் ஸென் 3, 6 கோர். புதிய எண்ணில் பழைய சரக்கு போடுவது குருவிட்ட கடைக்காரர் மட்டும் செய்கிற வேலை இல்லை. உலகக் கம்பனிகளும் செய்கிறார்கள்.

கடைசியில் வரும் எழுத்தையும் விடாதீர்கள். யூ என்றால் மின்சாரம் குறைவாக எடுக்கும் லெப்டொப் ரகம். எச் என்றால் வேகமான லெப்டொப் ரகம், பெட்டரி சீக்கிரம் இறங்கும். டெஸ்க்டொப்பில் எஃப் என்று முடிந்தால், உதாரணம் ஐ5 12400எஃப், உள்ளே கிராபிக்ஸ் இல்லை. தனியாகக் கிராபிக்ஸ் கார்ட் வாங்கிப் போடாவிட்டால் மொனிட்டரில் ஒன்றும் வராது. "எஃப் மலிவு" என்று எடுத்துக்கொண்டு வந்து, அதை விடக் கூடுதலான காசுக்குக் கார்ட் வாங்கியவர்கள் நம் பகுதியில் இருக்கிறார்கள்.

விண்டோஸ் 11 என்ற கதவு

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் தந்த ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்தது. ஒரு வருட நீடிப்பு இருக்கிறது, அதுவும் 2026 ஒக்டோபரோடு சரி. விண்டோஸ் 11க்கு மைக்ரோசொப்ட் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறையும் அதற்குப் பிறகும். ரைசனில் பொதுவாக 2000 வரிசையும் அதற்குப் பிறகும். ஆனால் லெப்டொப்பில் வரும் ரைசன் 5 2500யூ அந்தப் பட்டியலில் இல்லை, 3500யூ இருக்கிறது. இதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் வேண்டும்.

இப்போது மேலே சொன்ன உதாரணத்துக்கு வாருங்கள். ஐ7 7500யூ பட்டியலுக்கு வெளியே. ஐ5 8250யூ உள்ளே. பெருமைக்கு ஐ7 வாங்கியவர் வெளியே நிற்கிறார்.

"இல்லை சேர், இதில விண்டோஸ் 11 போட்டுத்தான் தாறோம், ஓடுது பாருங்க" என்பார்கள். ஓடும்தான். பட்டியலில் இல்லாத மெஷினில் சோதனையைத் தாண்டி நிறுவுவதற்கு வழிகள் இருக்கின்றன. ஆனால் அப்படிப்பட்ட மெஷினுக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தரவில்லை. பாதுகாப்பு அப்டேட் இல்லாத கம்ப்யூட்டரில் பிள்ளை படிக்கட்டும், சரி. அதே கம்ப்யூட்டரில்தான் உம்மா வங்கிக் கணக்குப் பார்க்கிறார், வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பும் காசு வந்ததா என்று பார்க்கிறார். அதை யார் யோசிப்பது?

"புதுசு" என்ற இன்னொரு பொறி

பழையதை மட்டும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பெட்டி உடைக்காத புதிய லெப்டொப்பிலும் பொறி இருக்கிறது. செலரோன் என்4020 என்று ஒரு ப்ரொசெசர். 2 கோர், 2 த்ரெட். அதோடு 4 ஜிபி ரெம், பல மாதிரிகளில் அது போர்டோடு ஒட்டியே வரும், பிறகு கூட்ட ஏலாது. சேமிப்பும் 64 ஜிபி அளவில்தான். விண்டோஸ் 11 பட்டியலில் இது இருக்கிறது! ஆனால் ஸூம் ஒரு பக்கம், பிரவுஸர் ஒரு பக்கம், வேர்ட் ஒரு பக்கம் திறந்தால் மூச்சு முட்டும். பட்டியலில் இருப்பது கதவுக்குள் விடும், அவ்வளவுதான். உள்ளே ஓட முடியுமா என்பதற்கு அது சான்றிதழ் இல்லை.

அதே மலிவு வகுப்பில் 2023இல் வந்த இன்டெல் என்100 என்ற சின்ன ப்ரொசெசரைப் பாருங்கள். 4 கோர், 6 வோட். பொதுவான சோதனைகளில் அந்தப் பழைய 95 வோட் ஐ7 2600க்கு ஏறத்தாழச் சமமாக நிற்கிறது. பெயரில் ஐயும் இல்லை, ஏழும் இல்லை. பெயரைப் பார்த்து வாங்குகிறவன் அதைத் திரும்பியும் பார்க்க மாட்டான்.

மின்சாரக் கட்டணத்தையும் இங்கே சேருங்கள். பழைய டெஸ்க்டொப் மொனிட்டரோடு 100 வோட் இழுக்கிறது, பிள்ளை தினம் 5 மணித்தியாலம் பாவிக்கிறது என்று வைத்தால் மாதம் 15 யூனிட். 20 வோட் லெப்டொப் என்றால் 3 யூனிட். வித்தியாசம் 12 யூனிட். நம்முடைய பில் 30, 60, 90 என்று படிப்படியாக ஏறுகிறது. ஒரு சின்ன வீட்டை அடுத்த படிக்குத் தள்ளிவிட 12 யூனிட் போதும். கடைக்காரர் ஒரு தரம் வாங்குவார், மின்சாரப் பில் மாதா மாதம் வாங்கும்.

"பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்ற பொய்

டெஸ்க்டொப் வாங்கும்போது சொல்லும் இன்னொரு வசனம்: "இப்ப இதை எடுங்க, பிறகு ப்ரொசெசரை மட்டும் மாத்தலாம்." எந்த மதர்போர்ட்டில் எதைப் போடலாம் என்பதற்கு விதி இருக்கிறது. இன்டெல்லில் 2ஆம், 3ஆம் தலைமுறைக்கு 1155 சொக்கட். 4ஆம் தலைமுறைக்கு 1150. 6, 7க்கு 1151. 8, 9க்கும் பெயர் 1151தான், ஆனால் 6, 7இன் போர்ட்டில் 8ஐப் போட்டால் வேலை செய்யாது. 10, 11க்கு 1200. 12, 13, 14க்கு 1700. அதாவது 2ஆம் தலைமுறை வாங்கியவர் முன்னேறினால் 3ஆம் தலைமுறை வரை. அதற்கு மேல் போர்ட், ரெம் எல்லாம் மாற்ற வேண்டும். அதற்குப் பெயர் புதுக் கம்ப்யூட்டர் வாங்குவது.

ஏஎம்டியின் ஏஎம்4 சொக்கட் இதில் நியாயமாக நடந்துகொண்டது. 2017இல் வந்த முதல் ரைசன் காலத்துப் போர்ட்கள் பலவற்றில், பயோஸ் அப்டேட் செய்தால் 5000 வரிசை வரை போடலாம். டெஸ்க்டொப்தான் வேண்டும், கிராபிக்ஸ் கார்ட் வாங்க வசதி இல்லை என்கிறவர்கள் ரைசன் 5 5600ஜி மாதிரி உள்ளே கிராபிக்ஸ் இருக்கும் ரகத்தைக் கேட்டுப் பாருங்கள். 6 கோர். ஏஎம்4 பலகை சந்தையில் இன்னும் கிடைக்கிறது.

கடைக்காரர் பக்கத்துக் கதையும் கேட்கிறேன்

"ஆட்கள் ஐ7தானே கேட்கிறாங்க, நாங்க என்ன செய்ய?" என்று ஒரு வியாபாரச் சகோதரர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். நம்மிடமும் குற்றம் இருக்கிறது. பக்கத்து லயத்தில் ஐ5 வந்தால் நம் வீட்டில் ஐ7 வர வேண்டும். ஜமாஅத்தில் ஒருவர் மகனுக்கு ஐ7 எடுத்தால் மற்றவருக்குத் தூக்கம் வராது. இந்தப் போட்டிக்குத்தான் அந்த ஸ்டிக்கர் விலை போகிறது.

ஆனாலும் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் பொறுப்பு ஒன்றாகாது. நம் ஊர் கல் ஊர். நீலக்கல் என்று யாராவது சொன்னால் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுப்பாரா இரத்தினபுரி வியாபாரி? சூடு காட்டிய கல்லைச் சூடு காட்டாத கல் என்று விற்றால் அந்த மனிதனை மறுபடி யாராவது நம்புவார்களா? கெவுடாவை நினைத்துப் பாருங்கள். பால் நிறமான கல், மதிப்பில்லை என்று அற்ப விலைக்குக் கொடுத்துவிட்டோம். 1970களில் தாய்லாந்துக்காரர் வாங்கிக்கொண்டு போய்ச் சூடு காட்டி நீலமாக்கி விற்றார்கள். பார்க்கத் தெரியாதவனின் நட்டம் பார்க்கத் தெரிந்தவனின் இலாபம் என்பதை நம் மாவட்டம் அப்போதே படித்த பாடம். கல்லில் படித்ததைக் கம்ப்யூட்டரில் ஏன் மறக்கிறோம்?

பொருளின் குறையை வாங்குபவருக்குச் சொல்லிவிட்டு விற்க வேண்டும் என்பது நம் மார்க்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எந்தச் சமயத்தவரும் இதற்கு மாறாகச் சொல்லமாட்டார். பழைய சாமானை விற்பது பாவமில்லை. அதன் வயதைச் சொல்லாமல் விற்பதுதான் பிரச்சினை.

"ஒன்றும் இல்லாததற்கு ஏதோ ஒன்று"

இதுதான் எனக்கு வரும் பெரிய எதிர்வாதம். "சேர், நீங்க புதுசு புதுசு என்றால் ஏழை எங்கே போவான்? பழைய ஐ7 என்றாலும் ஒன்றும் இல்லாததை விட மேல்தானே?"

மேல்தான். நானும் ஒத்துக்கொள்கிறேன். 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடிய காலத்தில் சிக்னல் தேடி மலை ஏறிய பிள்ளைகளின் படங்கள் பத்திரிகையில் வந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு எந்த மெஷினும் பெரிய விஷயமாக இருந்திருக்கும். அதனால் பழையதே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பழையதைப் பழையதன் விலைக்கு வாங்குங்கள் என்கிறேன். 2ஆம் தலைமுறை ஐ7ஐ யாராவது உண்மையைச் சொல்லி மலிவாகத் தந்தால், அதில் ஒரு எஸ்எஸ்டி போட்டு, 8 ஜிபி ரெம் போட்டு, லினக்ஸ் மின்ட் நிறுவிக் கொடுங்கள். அது இலவசம். பாதுகாப்பு அப்டேட்டும் வரும். சாதாரண தர ஐசிடிக்கு வேண்டிய ஆவணம், விரிதாள், முன்வைப்பு எல்லாம் லிப்ரே ஒபிஸில் செய்யலாம். பாஸ்கல் எழுதலாம். உயர்தரப் பிள்ளைக்குப் பைத்தன் இருக்கிறது. ஈ-தக்சலாவ திறக்கும். இந்த வேலைகளுக்கு ஐ7 தேவையே இல்லை. பழைய மெஷினில் பிள்ளை உணரும் இழுபறிக்குப் பெரும்பாலும் காரணம் ப்ரொசெசரை விட, சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க்தான்.

ஆக, ஏழைக்கு வழி இருக்கிறது. அந்த வழியில் கடைக்காரருக்கு இலாபம் குறைவு என்பதால்தான் அதை யாரும் சொல்வதில்லை.

நன்கொடை தரும் பெரியவர்களுக்கு

பாடசாலைகளுக்கு உதவும் சங்கங்கள், பழைய மாணவர்கள், தனவந்தர்கள், தேர்தல் வரும்போது மட்டும் நினைவு வரும் பெரியவர்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ரிப்பன் வெட்டி, படம் எடுத்து, "20 ஐ7 கம்ப்யூட்டர் அன்பளிப்பு" என்று போடுகிறீர்கள். உள்ளே பார்த்தால் எங்கோ ஒரு அலுவலகம் கழித்துவிட்டதாக இருக்கும். அடுத்த மழைக்காலத்துக்குள் பாதி எழும்பாது. மூலையில் அடுக்கி வைக்கிறோம். இன்வென்டரியில் பெயர் இருப்பதால் தூக்கி வீசவும் ஏலாது. "உங்களுக்கு 20 இருக்கிறதே" என்று அடுத்த உதவியும் வராது. 20 பழையதை விட ஆறு நல்லது மேல். தருவதற்கு முன் பாடத்துக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஸதகா கொடுக்கும்போது நாம் வேண்டாம் என்று ஒதுக்கியதைக் கொடுப்பதா என்று உங்கள் மனதையும் கேளுங்கள்.

கடைக்குப் போகும் முன்

ஒன்று: ப்ரொசெசரின் முழு எண்ணைக் கேளுங்கள். "ஐ7" என்பது பதில் இல்லை. மெஷினைப் போட்டு, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து, சிஸ்டம் என்பதைத் திறந்தால் எண் கண்ணுக்கு முன்னால் இருக்கும். வெளியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள், அதைக் கழற்றி ஒட்டலாம்.

இரண்டு: பாவித்தது என்றால் இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே, விண்டோஸ் பாவிக்கும் நோக்கத்தில், வாங்காதீர்கள்.

மூன்று: 8 ஜிபி ரெம், எஸ்எஸ்டி. இந்த இரண்டும் இல்லாமல் எந்த ஐ7ஐயும் தொடாதீர்கள். ஐ7க்கும் ஐ5க்கும் இடையில் மிச்சமாகும் காசை இதில் போடுங்கள்.

நான்கு: பில்லில் ப்ரொசெசரின் முழு எண்ணையும், பாவித்ததா புதியதா என்பதையும், வாரண்டி எத்தனை மாதம், எதற்கு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டியது வியாபாரியின் கடமை. எழுத மறுக்கிற கடையில் அந்த நிமிடமே எழும்புங்கள். ஏமாற்றினால் முறையிட பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, இலக்கம் 1977. நம்முடைய ஆட்கள் பாஷைப் பயத்தில் அழைப்பதில்லை. அழையுங்கள். இல்லாவிட்டால் தெரிந்த ஒருவரை வைத்து அழையுங்கள்.

ஐந்து: தனியாகப் போகாதீர்கள். ஐசிடி படிக்கும் பிள்ளை உங்கள் தோட்டத்திலேயே இருக்கும். அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்று கடைக்காரர் சொன்னால், அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம்.

வாங்கப் போகும் மெஷினின் சிஸ்டம் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்கள். பாடசாலை விட்ட பிறகு பார்த்துப் பதில் போடுவேன். காசு வேண்டாம். எந்தக் கடையையும் சிபாரிசு செய்யவும் மாட்டேன். தலைமுறை எண்ணை விளம்பரத்திலேயே போட்டு விற்கும் கடைக்காரர் நம் பகுதியில் இருந்தால் கமெண்டில் வாருங்கள். உங்களுக்கு வாடிக்கையாளர் வருவார்கள், நமக்கும் நிம்மதி.

இந்தப் பதிவைத் தோட்டத்து வட்ஸ்அப் குரூப்களிலும் ஜமாஅத் குரூப்களிலும் போடுங்கள். போன் இல்லாத தாய்மாருக்கு வாசித்துக் காட்டுங்கள். காப்பு அடகுக்குப் போகும் முன் இந்தச் செய்தி அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.